மஞ்சள் பல்புக்கு ஒப்பாரி வேண்டாம்

பங்குனி பிறந்தால் வெயிலோடு சேர்ந்து ஒரு பதிவும் வந்துவிடுகிறது. ஊர்தான் மாறும், வாசகம் மாறாது. சின்ன வயசில் பார்த்த அம்மன் கோயில் திருவிழா, தெரு முழுக்கத் தொங்கிய சீரியல் பல்பு, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்த்த ஒரு முகம், கடைசியில் ‘இந்த எல்.இ.டி. வெளிச்சத்துக்கு ஆன்மா இல்லை’ என்று ஒரு தீர்ப்பு. கீழே இதயக்குறிகள் குவிந்து கிடக்கும். எழுதியவர் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போய்ப் பத்துப் பதினைந்து வருஷம் ஆனவர். அவர் வீட்டு பாத்ரூமில்கூட எல்.இ.டி.தான் எரியும். ஆன்மா திருவிழாவுக்கு மட்டும் தேவைப்படுகிறது.

நான் சிவகாசிக்காரன். மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீரியல் செட் போகட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அது எழுந்துபோன இடத்தில் இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறதே ஒரு சாமான், அதன்மீது எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது. ஒப்பாரி வைக்கிறவர்கள் தப்பான பிணத்துக்கு அழுதுகொண்டிருப்பதால், நிஜமாகவே செத்தது எது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் மைக்செட் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. பேர் வேண்டாம். அவரிடம் ஒரு போர்டு இருக்கிறது. பன்னிரண்டடி உயரம். சவுக்குச் சட்டத்தில் ப்ளைவுட் அடித்து, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு பல்பாக ரெண்டாயிரம் பல்பு செருகிய அம்மன் முகம். பல்பெல்லாம் சாயத்தில் முக்கிக் கலர் ஏற்றியது. கண் மூடித் திறக்கும், மூக்குத்தி மின்னும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு சின்ன மோட்டார், அது சுற்றும் மர உருளை, உருளையில் அடித்த செம்புத் தகடுகள், அவற்றை உரசிக்கொண்டு நிற்கும் பட்டைகள். எந்தத் தகடு எந்தப் பட்டையைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். தகட்டின் நீளம்தான் நேரம். மொத்த ப்ரோகிராமும் அவ்வளவுதான், கண்ணாலேயே படித்துவிடலாம். பங்குனிக்கு மாரியம்மன் கோயில், சித்திரைக்கு பத்ரகாளியம்மன் கோயில், நடுவில் சுற்றுப்பட்டி ஊர்ப் பொங்கல்கள் என்று இருபத்தஞ்சு வருஷமாக அந்த அம்மன் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி. “இதக் கழட்டி எல்.இ.டி.யா மாத்திரலாமா, இல்ல இப்படியே வச்சு ஓட்டிருவமா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க தம்பி.” பல்பே இப்போதெல்லாம் சரியாகக் கிடைப்பதில்லை என்றார். கிடைப்பதும் ஒரு திருவிழாவைத் தாண்டுவதில்லையாம்.

மாற்றணும் என்றேன். ஏன் என்பதற்கு ஒரு கூட்டல் கழித்தல் போதும்.

சீரியல் என்றால் வரிசையாகக் கோத்தது. 6 வோல்ட் பல்பு 38-ஐக் கோத்தால் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டைத் தாங்கும். வரிசையில் ஒன்று பீஸ் போனால் முப்பத்தெட்டும் அணைந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்தது இது வரைக்கும்தான். தெரியாதது அடுத்தது: அந்தப் பீஸ் போன பல்பைப் பிடுங்கியதும், அது இருந்த இடைவெளியில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். 6 வோல்ட் பல்புதானே என்று கையை வைத்தால் போச்சு. அதைத் தேடி ஏணியில் ஏறுகிறவன் பெரும்பாலும் சின்னப் பையன். கையில் ஒரு டெஸ்டர். கீழே சாமி புறப்பாடு கிளம்பிவிட்டது, சீக்கிரம் சீக்கிரம் என்று நாலு பேர் கத்துவார்கள். மெயினை அணைக்கச் சொன்னால் ‘தெரு இருட்டாயிரும்’ என்பார்கள். இந்தப் பையன் எந்த நினைவலைப் பதிவிலும் வரமாட்டான். மஞ்சள் வெளிச்சம் அவன்மேல் விழவில்லை போல. புதிய பிக்ஸல் பல்புகள் 5 வோல்ட்டிலோ 12 வோல்ட்டிலோ ஓடுகிறவை. மழை பெய்து நனைந்தாலும் ஏணியில் நிற்பவனைக் கொல்லாது. (பவர் சப்ளை பெட்டிக்குள் 230 இருக்கத்தான் செய்யும், அதற்கு எர்த் வேண்டும். அதைத் தரையில் வைத்து மூடிப் பூட்டலாம், அதுதான் வித்தியாசம்.)

அடுத்தது டீசல். பல்புக்கு ஒரு வாட் என்று வையுங்கள், போர்டுக்கு 2 கிலோவாட். ஒரு தெருவுக்குப் பத்துப் போர்டு என்றால் 20. ராத்திரி ஆறு மணி நேரம் ஓடினால் 120 யூனிட். ஜெனரேட்டர் யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் குடிக்கும். ஆக ராத்திரிக்கு 40 லிட்டர். அதே பத்துப் போர்டும் எல்.இ.டி.யானால் சாதாரணமாக இதில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். மிச்ச டீசலெல்லாம் வெளிச்சமாகவா போனது? பல்புக்குள் போகிற கரண்டில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் சூடு. பங்குனி ராத்திரியில், எங்கள் ஊரில், இன்னும் கொஞ்சம் சூடு.

சரி, அழகு? அழகைப் பற்றிப் பேசச் சிவகாசியைவிட வேறு ஊர் வேண்டுமா.

கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறி எரிகிற இரும்புத்தூள். சூட்டில் ஒளிர்கிறது, ஆறும்போது மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி அணைகிறது. பல்பின் இழை ஒளிர்வதும் இதே காரணத்தால்தான். புஸ்வாணத்தின் தங்கப் பூவும் இதே குடும்பம். ஆனால் வானத்தில் வெடிக்கிற பச்சை நட்சத்திரம் வேறு சாதி. அது பேரியம் உப்பின் ஒளி. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குச் செம்பு. இவை சூட்டின் நிறத்தைக் காட்டுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள குறுகலான ஒரு நிறத்தை மட்டும் கக்கும். கலர் எல்.இ.டி. செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் உலகத்தின் வாணவேடிக்கையே பெரும்பாலும் ஆரஞ்சும் வெள்ளையும்தான். அதற்கப்புறம் வந்த பச்சையையும் சிவப்பையும் பார்த்து, ‘இதுக்கு ஆன்மா இல்லப்பா, கரித்தூள் பொறிதான் ஒரிஜினல்’ என்று எங்கள் ஊரில் ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டபோது ஊர் கதறியது. அந்தக் கதறலில் பிழைப்பும் இருந்தது, பச்சை போகிறதே என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அது தனிச் சண்டை. நான் சொல்ல வருவது, குறுகலான நிறத்தை ஆயிரமாயிரம் பேர் உட்கார்ந்து கையால் உருட்டிச் செய்கிற ஊர் இது. இங்கே வந்து மஞ்சள்தான் தெய்வீகம் என்று வகுப்பெடுக்க வேண்டாம்.

அப்படியானால் ஒப்பாரிக்காரர்கள் எதையுமே இழக்கவில்லையா? இழந்திருக்கிறார்கள். எதை என்று அவர்களுக்குத்தான் தெரியவில்லை. எனக்கும் அது பிடிபட்டது சிகாகோ வழியாக.

பின்பால் மெஷினைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சரிவான கண்ணாடி மேசைக்குள் இரும்புக்குண்டு ஓட, அடியில் விளக்குகள் மினுங்கும் விளையாட்டுப் பெட்டி. சிகாகோதான் அதன் தாய்வீடு. பழைய மெஷின்களில் 6.3 வோல்ட் சின்ன பல்புகள்தான், அண்ணாச்சி போர்டின் ஒன்றுவிட்ட தம்பிகள். அந்தச் சூட்டில் உள்ளே பிளாஸ்டிக் வளையும், பின்கண்ணாடியில் வரைந்த படத்தின் பெயின்ட் உரியும். அதனால் வைத்திருப்பவர்களுக்குள் ஓயாத சண்டை: எல்.இ.டி.க்கு மாற்றலாமா, கூடாதா? மாற்றியவர்கள் முதலில் புகார் சொன்னது நிறத்தைப் பற்றி. அதற்கு வழி சுலபமாகவே கிடைத்தது: வெதுவெதுப்பான வெள்ளை போடு, சிவப்பு மூடிக்கு அடியில் சிவப்பே போடு. அப்படியும் ‘கண்ணைக் குத்துது’ என்றார்கள். காரணம் வேறு இடத்தில் இருந்தது. அந்த மெஷின்களில் பல மாடல்களில் பல்புக்குக் கரண்ட் தொடர்ச்சியாகப் போவதில்லை, விட்டுவிட்டு அடிக்கும். பல்பின் இழை ஆற நேரமெடுப்பதால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. எல்.இ.டி.யோ கரண்ட் நின்ற மைக்ரோநொடியிலேயே இருண்டுவிடும், எல்லாக் குட்டும் வெளியே வந்துவிடும். கடைசியில் யாரோ உட்கார்ந்து, எல்.இ.டி.யை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும் ஒரு சர்க்யூட் போர்டையே செய்து விற்றார்கள். நிறத்தில் ஆரம்பித்த சண்டை நேரத்தில் போய் முடிந்தது.

அம்மன் கண்ணுக்கும் இதே கதைதான். உருளைக்குத் தெரிந்தது ரெண்டே சொல்: எரி, அணை. ஆனாலும் கண் ‘மூடியது’. ஏனென்றால் பல்பு சோம்பேறி. கரண்ட் போனபிறகும் டங்ஸ்டன் இழை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மனசில்லாமல் எரிந்து, சிவந்து, அப்புறம்தான் அணையும். அதற்குள் அடுத்த வரிசை எழும்பிவிடும். இமை இறங்குவதுபோல இருந்தது அதனால்தான். அதே உருளையில் எல்.இ.டி.யை மாட்டினால் அம்மன் கண் மூடுவதில்லை, யாரோ சுவிட்ச் போட்டு விளையாடுகிறார்கள்.

ஆன்மா என்று இத்தனை பதிவுகளில் சொல்லப்பட்டது இந்தப் பத்தில் ஒரு நொடிதான். சொன்னால் கோபம் வரும், ஆனால் இது நல்ல செய்தி. அதை அளக்கலாம். அளந்ததை எழுதலாம். ஏறும்போது வேகமாக, இறங்கும்போது தயங்கி, இறங்க இறங்கச் சிவப்பு கூட. நாற்பது வரி கோடு. பிக்ஸலுக்குள் இருக்கும் சில்லு நிறத்துக்கு 256 படி தருகிறது. கடைசி நாலைந்து படியில் மட்டும் லேசாகத் தட்டும், இழையின் வழுக்கல் முழுசாக வராது. உற்றுப் பார்த்தால் தெரியும். தேரோடும் தெருவில் முப்பதடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே தெரியவில்லை.

நாற்பது வரிதான் என்றால் கடைத்தெருவில் தொங்குகிற போர்டுகளில் அது ஏன் இல்லை? இங்கேதான் என் நிஜமான எதிராளி வருகிறார்.

இப்போது திருவிழாக் கமிட்டிகள் வாங்குகிற போர்டு தயாராக வருகிறது. மயில், தாமரை, சக்கரம், எல்லா ஊருக்கும் ஒரே மயில். சாமி பேரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் ஒரு மூடிய பெட்டி, அதில் ஒரு எஸ்.டி. கார்டு. கார்டில் இருப்பது என்ன, யார் செய்தது, எப்படி மாற்றுவது என்று வாடகைக்கு விடுகிறவருக்கும் தெரியாது. வேகம் கூட்டக் குறைக்க ரெண்டு பட்டன், அவ்வளவு சுதந்திரம். வெளிச்சத்தைக் குறைக்க ஒரு பட்டன் இருந்தாலும் யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் வெளிச்சம்தான் இப்போது பக்தியின் அளவுகோல். போன வருஷத்தைவிட இந்த வருஷம் கண் கூசணும். கரண்ட் செலவு பத்தில் ஒன்றாகக் குறைந்ததா, சரி, போர்டைப் பத்து மடங்கு ஆக்கு.

இந்தக் கூத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உபயதாரர் பெயர்ப் பலகை. அம்மன் போர்டு அலங்காரத்துக்கு மட்டும்தான். பக்கத்தில் ‘இந்த மின் அலங்கார உபயம்’ என்று ஓடும் எழுத்து, அதுதான் மூலவர். ரெண்டும் ஒரே தெருவில் இருக்கும்போது அம்மனைப் பார்க்க நினைத்தாலும் கண் போய் உபயதாரர் இனிஷியலில்தான் நிற்கும்.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் அக்கினிச்சட்டி எடுத்து வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெருப்பு தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருகிறது. சட்டி ஏந்தியவரின் தாடை, மூக்கு, நெற்றி எல்லாம் கீழிருந்து தெரியும், அசையும். அந்த முகத்துக்குமேல் 6500 கெல்வின் வெள்ளையைக் கொட்டினால் நெருப்பு வெறும் ஆரஞ்சுக் காகிதம்போல ஆகிவிடுகிறது. இதற்கு எல்.இ.டி.யைக் குற்றம் சொல்லி என்ன பயன்? 2700 கெல்வினிலும் எல்.இ.டி. இருக்கிறது, அதே விலைதான். சட்டி வருகிற அரைமணி நேரம் போர்டை அணைத்து வைக்கவும் முடியும். கடையில் போய்ச் சும்மா ‘எல்.இ.டி. குடுங்க’ என்று கேட்பவர்களுக்குக் கையில் வருவது பெரும்பாலும் நீலம் பாய்ந்த வெள்ளை. கேட்கத் தெரியாதது யார் தப்பு?

அதுவும் இந்த ஊரில். தீப்பெட்டி லேபிளுக்காக அச்சு வந்து, லேபிளிலிருந்து காலண்டருக்குப் போன ஊர். முருகன் காலண்டரின் மயில் நீலத்தை டியூப் லைட்டுக்கு அடியில் வைத்து யாராவது ஓகே பண்ணுவார்களா? கலரைப் பார்ப்பதற்கென்றே 5000 கெல்வின் விளக்குக்கு அடியில் தனி மேசை போட்டு வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. வாடிக்கையாளர் வெள்ளைத் தாளில் ஒரு பொட்டு மஞ்சள் கூடினால் லோடையே திருப்பி அனுப்புவார் என்று தெரிந்தவர்கள். அதே ஆட்கள் கமிட்டியில் உட்கார்ந்ததும் கண்ணைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்கள்.

அழகுகூடப் போகட்டும். எனக்கு ஆற மாட்டேன் என்கிறது பழுது பார்க்கும் விஷயம்தான்.

பழைய செட்டில் பீஸ் போனதைக் கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்பு தாண்டாத பையனால் முடிந்தது. மழைக்காலம் முழுக்க வேலையே இல்லாத மைக்செட் கடைகளில் பழைய செட்டுகளைப் பிரித்து, பல்பு மாற்றி, ஜாயின்ட் போட்டு, சாயம் முக்கி வைப்பார்கள். அதில் கூலி இருந்தது, கை பழகியது. இப்போதைய பிக்ஸல் செட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கரண்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போகிறது, சரி. ஆனால் ‘நீ சிவப்பு, நீ பச்சை’ என்ற தகவல் ஒரே கம்பியில் ஒரு பிக்ஸலிடமிருந்து அடுத்ததுக்குக் கைமாறிப் போகிறது. நடுவில் ஒரு சில்லு செத்தால் அதற்கப்புறம் உள்ள அத்தனையும் செவிடு. வால் முழுக்க இருட்டு, இல்லையென்றால் பைத்தியம்போல ஒரே நிறத்தில் உறைந்து நிற்கும். பார்த்தீர்களா, சீரியல் எங்கேயும் போகவில்லை, தகவலுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

இதைச் சரிசெய்வது கஷ்டமே இல்லை. செத்த முதல் பிக்ஸலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒன்றை மூன்று கம்பியில் ஈயம் வைத்து ஒட்டினால் முடிந்தது. பழைய பல்பைத் தேடுவதைவிடச் சுலபம்கூட, எங்கே இருட்டு ஆரம்பிக்கிறதோ அங்கேதான் நோய். ஆனால் விற்பவர் சொல்லித்தருவதில்லை. பிசின் ஊற்றி அடைத்த போர்டைக் கொடுத்து, ‘கை வச்சா வாரண்டி கிடையாது, செட்டையே மாத்திக்கங்க’ என்கிறார். பையன்களின் வேலை போர்டைத் தூக்கி மாட்டுவதும் இறக்குவதும் என்று ஆகிவிட்டது. அடுத்த வருஷம் கடைக்குப் பின்னால் அதே மயில் குப்பையில் கிடக்கிறது.

வங்காளத்தில் சந்தன்நகர் என்று ஒரு ஊர். ஜெகத்தாத்ரி பூஜைக்கு அங்கே கட்டுகிற விளக்குப் பலகைகளுக்கு நாடு முழுக்கப் பேர். ஸ்ரீதர் தாஸ் மாதிரியான கலைஞர்கள் சின்ன பல்பையும் இதே உருளையையும் வைத்துக்கொண்டு ஓடுகிற உருவங்களைக் காட்டினார்கள். அங்கேயும் எல்.இ.டி. வந்தது, பல்பு போனது. ஊரின் பேர் போகவில்லை. படத்தை வரைந்து, சட்டம் கட்டி, எது எப்போது எரியணும் என்று முடிவுசெய்கிற கை உள்ளூரிலேயே இருந்தது, அதனால்தான். பல்பு மாறியது, வேலை தெரிந்தவன் மாறவில்லை.

எங்கள் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருப்பதுதான் கேவலம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனது தீப்பெட்டி வாங்கிவர இல்லை. எப்படிச் செய்வது என்று கற்றுவரப் போனார்கள். வெளிநாட்டில் கழித்துப்போட்ட அச்சு மெஷினை வாங்கிவந்து, பிரித்துப் பரப்பி, இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து மாட்டி ஓட்டுகிற மெக்கானிக்குகள் இங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர், பூட்டிய பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கார்டில் இருக்கிற யாரோ ஒருவரின் மயிலைப் பார்த்து வாய் பிளக்கிறது. எனக்கு ஒப்பாரி வருவது இதற்குத்தான்.

அண்ணாச்சி போர்டுக்கு நாங்கள் பழைய ப்ளைவுட்டையே வைத்துக்கொண்டோம். ஓட்டைகளைக் கொஞ்சம் அகட்ட வேண்டியிருந்தது. ரெண்டாயிரம் பிக்ஸலை ஒரே சரமாகக் கோத்தால் தகவல் கடைசி ஆள் வரை போய்ச்சேரவே தாமதமாகும், இறக்கம் தட்டும். அதனால் ஐந்நூறு ஐந்நூறாக நாலு சரம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈ.எஸ்.பி.32 ஒன்று. பூட்டில்லாத பெட்டி. பிக்ஸல் வெட்டி ஒட்டக் கடைப்பையன்கள் ரெண்டு பேர் ஒரே மத்தியானத்தில் பழகிவிட்டார்கள், மூன்றாம் நாள் எனக்கே குறை சொன்னார்கள்.

கண் மூடித் திறக்கும் வேகத்தை நான் கற்பனை செய்யவில்லை. உருளையைக் கழற்றி, ஒவ்வொரு செம்புத் தகட்டின் நீளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, சுற்றும் வேகத்தோடு வகுத்து, மில்லிநொடியாக எழுதிக்கொண்டேன். நான் படித்ததிலேயே ஒழுங்கான கோடு அதுதான். இமைக்கு ஒரு அளவு, உதட்டோரத்துக்கு ஒரு அளவு, எல்லாம் அண்ணாச்சி இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால் தகரக் கத்தரியால் வெட்டி முடிவு செய்தது. ரெண்டு இடத்தில் பழைய தகட்டின்மேல் புதுசு ஒட்டியிருந்தது, அவரும் திருத்தித்தான் எழுதியிருக்கிறார்.

முதல் தடவை ஓட்டிக் காட்டியபோது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இறக்கம் வைத்திருந்தேன். எதிர்வரிசைத் திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். கண் சரி என்றார். உதடு இன்னும் கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்றார். அப்புறம் சொன்னார்: “மூக்குத்திக்கு மட்டும் இந்த மெதுவெல்லாம் வேண்டாம் தம்பி. அது டக்கு டக்குன்னு அடிக்கட்டும். பழைய பல்புல அது எனக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்ல. வைரம்ல அது.”